கிப்ஸ் பே அலங்கார வீடு: சின்ன அறைகளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மே மாதம் சென்னையிலிருந்து நியூயார்க்கில் இருக்கும் மகளிடம் வருவதாகவும், கிப்ஸ் பே அலங்கார வீட்டைப் பார்க்க அவர் டிக்கெட் எடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது டாலர் கொடுத்து யாரோ ஒரு செல்வந்தர் வீட்டுச் சோபாவைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, அந்தப் பணம் உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் போகிறதா, உள்ளே எதைக் கவனிப்பது, மகளின் சின்ன வாடகை வீட்டுக்கு அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா, முழங்கால் வலி உள்ள உங்கள் கணவர் ஏறி இறங்க முடியுமா என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நியூஜெர்சியில், திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். அந்த வீட்டுக்குப் பார்வையாளராகப் பல முறையும், ஊசி நூலோடு வேலைக்காகச் சில முறையும் போயிருக்கிறேன். ஆகவே இது தையல் தெரிந்த ஒருவரின் கண்ணிலிருந்து வரும் பதில். கட்டடக் கலைஞரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் பார்க்கப்போவது யாரும் குடியிருக்கும் வீடு இல்லை. மன்ஹாட்டனில் பெரும்பாலும் விற்பனைக்குக் காத்திருக்கும் ஒரு பழைய டவுன்ஹவுஸை, அதாவது பக்கத்து வீடுகளோடு ஒட்டி நிற்கும் பல மாடி வீட்டை, அதன் உரிமையாளர் சில மாதங்களுக்கு இரவல் தருகிறார். காலியாகக் கிடக்கும் அந்த வீட்டை வடிவமைப்பாளர்கள் சுற்றிப் பார்த்து, எந்த அறை வேண்டும், அதை என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நடத்தும் குழு அறைகளைப் பிரித்துத் தருகிறது. ஒருவருக்கு வரவேற்பறை, ஒருவருக்குப் படுக்கையறை, இன்னொருவருக்கு மாடிப்படி, வேறொருவருக்குக் கழிவறை. ஏறக்குறைய இருபது பேர் ஒரே கூரையின் கீழ், குறுகிய அவகாசத்தில், அவரவர் செலவில் வேலை செய்கிறார்கள். சுவர்த்தாள் நிறுவனமும் விளக்குக் கடையும் கம்பளக் கடையும் பொருள்களை நன்கொடையாகவோ இரவலாகவோ தருகின்றன. ஏறக்குறைய ஒரு மாதம் பார்வையாளர்களுக்குத் திறந்திருந்த பிறகு எல்லாம் கழற்றப்படும். விற்றவை வாங்கியவரிடம் போகும், இரவல் வாங்கியவை கடைக்குத் திரும்பும், சுவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வெள்ளை அடித்துவிடுவார்கள். திருமணப் பந்தலைப் போல, பிரிப்பதற்காகவே கட்டப்படும் அறைகள் அவை. அதனால்தான் ஒரே வீட்டுக்குரிய ஒருமையை அங்கே தேட வேண்டாம் என்கிறேன். பாசிப்பச்சை அறையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் செம்மண் நிற அறை வரும். அது குறை இல்லை. இருபது கைகளின் வேலையை இருபது அடி தூரத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எங்கும் வாய்ப்பில்லை.

பணத்தைப் பற்றி: இதை நடத்துவது கிப்ஸ் பே பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப். 1915ஆம் ஆண்டு மன்ஹாட்டனின் கிழக்குக் கரையில், கிப்ஸ் பே பகுதியில் தொடங்கிய சிறுவர் மன்றம் அது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த யாகோபஸ் கிப் என்ற டச்சுக்காரரின் பெயர்தான் அந்தப் பகுதிக்கு நிலைத்தது. அந்த விரிகுடா தூர்க்கப்பட்டு இன்று தெருக்களாகிவிட்டது. மன்றமும் பின்னாளில் நகரின் வடபகுதியான பிராங்க்ஸுக்கு இடம் மாறிவிட்டது. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் அங்கே போகிறார்கள். பாடம், நீச்சல், நடனம், கூடைப்பந்து, சாப்பாடு, அடுத்துக் கல்லூரிக்கு வழிகாட்டல் எல்லாம் உண்டு. பாடகி ஜெனிபர் லோபஸ் சிறுமியாக அந்த மன்றத்துக்குப் போனவர். 1973இல் மன்றத்தின் ஆதரவாளர்கள் சிலர் நிதி திரட்ட இந்த அலங்கார வீட்டைத் தொடங்கினார்கள். இதுவரை இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல் திரண்டிருக்கிறது. கொரோனாவால் 2020 தொடங்கிச் சில ஆண்டுகள் நியூயார்க்கில் நடக்கவில்லை.

இத்தனை பணம் மன்றத்துக்கு மிஞ்சுவதற்குக் காரணம், அறைகளுக்கான பெருஞ்செலவு டிக்கெட் பணத்திலிருந்து போவதில்லை என்பதுதான். அதை வடிவமைப்பாளரும் கடைக்காரர்களும் சுமக்கிறார்கள். அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஒரு மாதத்தில் ஆயிரக்கணக்கானோரும் பத்திரிகைக்காரர்களும் அந்த அறையைப் பார்க்கிறார்கள். அடுத்த வாடிக்கையாளர் அங்கிருந்துதான் வருவார். வீட்டு உரிமையாளருக்கும் வாங்கக்கூடியவர்கள் வந்து பார்ப்பதில் பலன் உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரவர் பலனும் சேர்ந்துகொண்டதால்தான் இந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. கலிபோர்னியாவில் பாசடீனாவில் 1965 முதலும், சான்பிரான்சிஸ்கோவில் 1977 முதலும் இதே முறையில் வீடுகள் திறக்கப்படுகின்றன. பாசடீனா வீடு இசை, கலைக் கல்விக்கும், சான்பிரான்சிஸ்கோ வீடு ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் உதவித்தொகைக்கும் நிதி சேர்க்கின்றன.

இனி வீட்டின் அமைப்பு. இது தெரியாமல் உள்ளே போனால் பாதி புத்திசாலித்தனம் கண்ணில் படாது.

1811ஆம் ஆண்டின் திட்டப்படி மன்ஹாட்டனைக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது, தெருவுக்குத் தெரு இடையே சுமார் இருநூறு அடி விட்டார்கள். அதை நடுவே பாதியாக்கினால் நூறு அடி ஆழம். மனையின் அகலம் இருபத்தைந்து அடி. அதிலும் சிக்கனம் பார்த்துப் பதினெட்டு, இருபது அடி அகலத்தில் வீடு கட்டினார்கள். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர். எனவே வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டுமே வரும். நடுப்பகுதி இருட்டு. நம் பழைய வீடுகளில் முற்றம் செய்த வேலையை அங்கே மாடிப்படிக்கு மேலே கூரையில் பதித்த கண்ணாடி செய்கிறது. வெளிச்சம் நாலைந்து மாடி இறங்கி வந்து கீழ்ப்படியில் சோர்ந்து விழும். பின்சந்தும் கிடையாது. ஆகவே சமையல்காரரும் கரி கொண்டுவருபவரும் முன்வாசல் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கீழ்வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். விருந்தினர் ஏறிப்போகும் அந்த உயர்ந்த வெளிப்படிக்கட்டை ஸ்டூப் என்பார்கள். அது டச்சுச் சொல். ஸ்டூப் ஏறினால் வரும் தளம்தான் வீட்டின் முகம். மிக உயரமான கூரை, பூவேலை விளிம்பு, பளிங்குக் கணப்பு எல்லாம் அங்கே. மேலே போகப்போகக் கூரை தாழும், அலங்காரம் குறையும். உச்சியில் பணிப்பெண்களின் அறைகள்.

கிப்ஸ் பே நடக்கும் முகவரி ஆண்டுதோறும் மாறும். 2014இல் மேடிசன் அவென்யூவில், 1880களில் மெக்கிம், மீட் அண்ட் வொயிட் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த வில்லார்ட் மாளிகையில் நடந்தது. 2017இல் கிழக்கு 65ஆம் தெருவில் கட்டடக் கலைஞர் சார்லஸ் பிளாட் வடிவமைத்த வீடு. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அங்கே சைனா இன்ஸ்டிடியூட் இருந்தது. 2023இல் ஹட்சன் ஆற்றைப் பார்த்த ரிவர்சைட் டிரைவ் வீடு. வீடு எதுவானாலும், நெரிசலான மனையில் நின்றால், அலங்கரிப்பவருக்கு வரும் தலைவலி ஒன்றுதான்: ஒடுக்கமும் இருட்டும். அதை ஒவ்வொருவரும் எப்படித் தீர்த்தார் என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு, சோபாவைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, இதுதான் என் பதில்.

இந்தக் காரணத்தால்தான் பெரிய வரவேற்பறையில் அதிக நேரம் நிற்க வேண்டாம் என்பேன். அங்கே உயரமும் ஜன்னலும் கணப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. கெடுக்காமல் இருந்தாலே அந்த அறை அழகாகத்தான் இருக்கும். கூட்டமும் அங்கேதான். வழிகாட்டும் வரிசை அனுமதித்தால் முதலில் உச்சிக்குப் போய் இறங்கி வாருங்கள். பணிப்பெண் உறங்கிய சரிவுக்கூரை அறை, படி திரும்பும் இடம், கோட் மாட்டும் அலமாரி, ஒரு ஆள் நின்றால் நிறையும் கழிவறை. இவை பெரும்பாலும் இளம் வடிவமைப்பாளர்களுக்குக் கிடைப்பவை. இவற்றில் இயற்கை கொடுத்த கொடை எதுவும் இல்லை. ஆறடிக்கு ஐந்தடி இடத்தில், ஜன்னல் இல்லாத சுவர்களில், ஒருவர் உங்களை நின்று பார்க்க வைத்துவிட்டார் என்றால், அவருக்குக் கலை கைவந்துவிட்டது என்று அர்த்தம்.

இருட்டறைக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சமாகும் என்று நாம் நினைப்போம். அங்கே வல்லவர்கள் செய்வது நேர் எதிர். வெளிச்சம் வராத அறையில் வெள்ளை சாம்பலாகத் தெரியும், சுவர் அழுக்கடைந்தது போல இருக்கும். அதனால் கரும்பச்சை, கருநீலம், கத்தரிப்பூ நிறம் என்று ஆழமாகப் போய், அதன்மேல் பளபளப்பான வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். முடிவில் சுவர் நீர் நின்ற குளம் போல ஆகிவிடும். ஒரு சின்ன மேசைவிளக்கு நான்கு சுவரிலும் தெரியும். அந்தப் பூச்சில் ஒரு தூசி அமர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டில் நின்று, விளக்கு சுவரைத் தடவும் கோணத்தில் பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தால் அவசர வேலை. தகடு போலத் தெரிந்தால், பெயின்டர் பல நாள் அந்த அறையிலேயே கிடந்திருக்கிறார்.

சுவர்த்தாள் ஒட்டிய அறையில் நான் முதலில் பார்ப்பது மூலைகளை. தாள் ஓரிடத்தில் தொடங்கி அறையைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். பூவேலை அங்கே கச்சிதமாகப் பொருந்தாது. கணக்கு உதைக்கும். நல்ல ஒட்டுநர் அந்தப் பொருந்தா இடத்தைக் கதவுக்கு மேலே இருக்கும் சின்னப் பட்டையில், யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில் கொண்டு போய் வைப்பார். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், மகிழ்ச்சியாக இருக்கும். நியூயார்க்கின் கிரேசி நிறுவனம் 1898இல் தொடங்கியது. கையால் தீட்டிய பறவை, கிளை, மலர்ச் சுவர்த்தாள்கள் அவர்களுடைய பெருமை. அத்தகைய தாள் ஒட்டிய அறை அமைந்தால், ஒரே பறவை இரண்டாவது முறை வருகிறதா என்று பாருங்கள். அச்சடித்ததில் வரும். தீட்டியதில் கிளை அறையைச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும்.

திரைச்சீலைக்கு வந்தால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம், தெருவைப் பார்த்த மூன்று ஜன்னல்களுக்கு எங்கள் பட்டறை திரை தைத்தது. பத்தரை அடி உயரம். துணி, அதற்குப் பின்னால் கம்பளி போன்ற உள்துணி, அதற்கும் பின்னால் லைனிங் என்று மூன்று அடுக்கு. உள்துணி இருந்தால்தான் மடிப்பு உருண்டு, குழல் போல விழும். கீழ் மூலைகளில் சின்ன ஈயத்துண்டு தைத்திருந்தோம், திரை காற்றில் திருகாமல் நேராக நிற்பதற்கு. நாங்கள் அளவெடுத்தபோது தரையில் பாதுகாப்புப் பலகை போட்டிருந்தார்கள். திறப்புக்கு முந்தைய நாள் பலகையை எடுத்தபோதுதான் தெரிந்தது, நூறு வயதைக் கடந்த அந்தத் தரை இடப்பக்க ஜன்னலிலிருந்து வலப்பக்க ஜன்னலுக்குள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. மூன்று திரையும் ஒரே நீளம் இருந்தால் ஒன்று தரையில் குவியும், ஒன்று அந்தரத்தில் நிற்கும். பட்டறைக்கு எடுத்துப்போக நேரமில்லை. அந்த இரவு ஜன்னலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆறு பட்டையின் கீழ்மடிப்பையும் பிரித்து, தரை சாய்ந்த அளவுக்கு மடிப்பையும் சாய்த்து, கையால் தைத்தேன். பக்கத்து அறையில் பெயின்ட் காய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. படியில் பூச்சாடிகளைச் சுமந்து போனார்கள். யாரோ எனக்கு ஒரு மேசைவிளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். காலையில் பார்த்தபோது தரை மட்டமாகத் தெரிந்தது. திரை நேராக இருந்ததால் தரையின் சாய்வு கண்ணுக்கு மறைந்துவிட்டது. மாத முடிவில் அந்தத் திரைகளைக் கனெக்டிகட்டில் ஒரு குடும்பம் வாங்கியது. அவர்கள் வீட்டு ஜன்னல் உயரம் குறைவு. நான் தைத்த கீழ்மடிப்பை நானே வெட்டினேன்.

ஆகவே அங்கே திரையைப் பார்த்தால் கீழ்விளிம்பைப் பாருங்கள். அடுத்து, இரண்டு துணி அகலங்கள் சேரும் தையலில் பூ பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறதா, ஒரே பூவாக மலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சோபாவிலும் அப்படியே. முதுகில் தொடங்கிய கோடு இருக்கை வழியாக இறங்கிக் கீழ்ப்பாவாடை வரை ஒரே கோடாக வர வேண்டும். தொடக்கூடாது என்பார்கள். கண்ணாலேயே எல்லாம் தெரியும்.

சின்ட்ஸ் துணி போட்ட அறை ஒன்று அநேகமாக இருக்கும். பளபளப்பேற்றிய பருத்தித் துணியில் பெரிய பெரிய ரோஜாக்கள், பியோனிப் பூக்கள் என்றிருக்கும். கிப்ஸ் பே வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட அறைகளில் ஒன்று, மரியோ புவாட்டா என்ற வடிவமைப்பாளர் 1984இல் அமைத்த நீலமும் வெள்ளையுமான படுக்கையறை. விதானக் கட்டில், அடுக்கடுக்கான துணி, ரிப்பன் முடிச்சுகளில் தொங்கும் படங்கள். ஸ்டேட்டன் தீவில் 1935இல் பிறந்து 2018இல் மறைந்த அவரைச் சின்ட்ஸ் இளவரசர் என்றே அழைத்தார்கள். அந்த அறைக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகைப் பாணி பெருகியது.

ஆங்கிலேயப் பாணி என்று சொல்லிவிட்டேன். அந்தத் துணியின் வேர் இங்கிலாந்தில் இல்லை. சோழமண்டலக் கரையில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை உள்ள கரையிலிருந்து கப்பலேறிய கையால் தீட்டிய துணிதான் அது. கடுக்காய் நீரும் எருமைப்பாலும் தோய்த்த துணியில், கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால் படிகாரம் தீட்டினால், சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் அந்த இடம் மட்டும் சிவப்பாகும். இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசல் கறுப்பைத் தரும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்றதை மெழுகால் மூடி அவுரியில் முக்குவார்கள். துவைக்கத் துவைக்க வெளுக்காத வண்ணம் அது. ஐரோப்பிய நெசவாளர்கள் அதைக் கண்டு அஞ்சினார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் இயற்றி, 1721இல் உடுப்பதையே தடுத்தது. தடைக்குள்ளேயே அவர்கள் அச்சிடக் கற்றுக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் இன்றைய சின்ட்ஸ். என் ஊர் கும்பகோணம் பக்கம். கோடாலிக்கருப்பூரில் தஞ்சை அரண்மனைக்குச் சேலை தீட்டிய கைகளின் வழிவந்த வேலை இன்றும் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில், கோயில் விதானங்களிலும் தேர்ச்சீலைகளிலும் நடக்கிறது. மன்ஹாட்டன் படுக்கையறையில் சின்ட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நீங்களும் அந்த அறையில் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அங்கே நிற்கும் உதவியாளரிடம் இந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலான உதவியாளர்கள் அக்கறையாகப் பதில் சொல்வார்கள். நீங்கள் அவர்களுக்குச் சொல்லவும் உங்களிடம் ஒரு கதை இருக்கும்.

மகளின் வாடகை வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது? இங்கே அலங்கார வீடு எதிர்பாராத வகையில் உதவும். அந்த வடிவமைப்பாளர்களும் ஒரு விதத்தில் ஒரு மாத வாடகைதாரர்கள்தான். பழைய பூவேலையைச் சிதைக்கக் கூடாது, கணப்பை மாற்றக் கூடாது, எடுத்தால் தடம் தெரியக் கூடாது. எனவே அவர்கள் கையாளும் பல உத்திகள் கழற்றக்கூடியவை. விரிசல் விழுந்த சுவரைப் பூசிச் சரிசெய்ய நேரமில்லாதபோது, சுவரோரம் மெல்லிய மரச்சட்டம் அடித்து, நடுவே பஞ்சுத் தகடு வைத்து, மேலே துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடித்து, விளிம்பில் அதே துணியிலோ கயிற்றிலோ பட்டி ஒட்டிவிடுவார்கள். சுவர் மெத்தென்று ஆகும், சத்தமும் அடங்கும். மகள் முழு அறைக்கும் செய்ய வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும், தனிச்சட்டமாகச் செய்து சாய்த்து வைத்தால் ஆணிகூட அதிகம் தேவைப்படாது. அதற்கு ஒரு நல்ல கைத்தறிப் போர்வை போதும். வரும்போது ஊரிலிருந்து கொண்டுவாருங்கள்.

விளக்குகளையும் கவனியுங்கள். நல்ல அறை எதிலும் கூரை நடுவிலிருந்து ஒற்றை விளக்கு மட்டும் எரியாது. அமர்ந்தவர் கண்ணுக்குக் கீழே மேசைவிளக்கு, மூலையில் ஒரு நிலைவிளக்கு, படத்துக்கு மேல் ஒரு சிறுவிளக்கு என்று நாலைந்து இடத்தில் மங்கலாக எரியும். சின்ன அறையைப் பெரிதாக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. திரைக்கம்பியை ஜன்னலுக்கு மேலே ஒட்டினாற்போல் வைக்காமல், கூரையை ஒட்டி, ஜன்னலைவிட இரு பக்கமும் ஓரடி அகலமாக வைப்பதையும் பார்ப்பீர்கள். ஜன்னல் முழுவதும் திறந்திருக்கும், சுவர்தான் துணிக்குப் பின்னால் போகும். இதை மகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.

எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. அங்கே சமையலறையில் கடுகு தாளிக்க மாட்டார்கள். துணி துவைத்துக் காயப்போட இடம் இருக்காது, செருப்பு விட இடம் இருக்காது, சார்ஜர் வயர் கண்ணில் படாது. படுக்கையில் பன்னிரண்டு தலையணை இருக்கும். எட்டை எங்கே வைத்துவிட்டுத் தூங்குவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற கட்டாயத்தில் சிலர் ஒரே அறையில் ஐந்து அறைக்கான யோசனைகளைக் கொட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அறையில் தலை கிறுகிறுத்தால் உங்கள் ரசனையைச் சந்தேகிக்க வேண்டாம், அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நேரம் இருந்தால் இதற்கு முந்தைய நாள், கிழக்கு 4ஆம் தெரு 29ஆம் எண்ணில் இருக்கும் மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1832இல் கட்டிய வீடு. 1835 முதல் ட்ரெட்வெல் என்ற வணிகர் குடும்பம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தது. கடைசி மகள் 1933இல் அந்த வீட்டிலேயே இறந்தார். 1936இல் அருங்காட்சியகமானது. அவர்களுடைய நாற்காலி, கட்டில், உடுப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாடியில் பணிப்பெண்களின் அறையும் திறந்திருக்கிறது. முன்கூடமும் பின்கூடமும் இழுகதவால் பிரிந்து சேர்வதை அங்கே பார்த்துவிட்டு, மறுநாள் அலங்கார வீட்டில் அதே மாதிரி இரட்டைக் கூடத்தை ஒருவர் இன்றைக்கு எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால், எலும்பும் அதன்மேல் போர்த்திய தோலும் போலப் புரியும்.

இனி உங்கள் கணவரின் முழங்கால். நேராகச் சொல்கிறேன், இந்த வீடுகளில் படி அதிகம். ஐந்து தளம், சில சமயம் ஆறு. சிலவற்றில் மின்தூக்கி இருக்கும். மூன்று பேர் நின்றால் நிறையும், கூட்ட நேரத்தில் காத்திருக்க வேண்டும். சிலவற்றில் இருக்காது. முகவரி சில மாதங்களுக்கு முன்புதான் தெரியவரும் என்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் மகளை ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்: மின்தூக்கி பார்வையாளருக்குத் திறந்திருக்குமா, வாசலில் ஸ்டூப் உண்டா. வார நாளில், திறந்தவுடன் போங்கள். சனி ஞாயிறு பிற்பகலில் படியில் ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொள்வார்கள். உட்கார முடியாது. நாற்காலி எல்லாம் காட்சிப்பொருள். கழிவறையும் காட்சிப்பொருள்தான், பயன்படுத்த முடியாது. அதனால் அருகில் ஓர் உணவகத்தில் காபி குடித்து, அங்கேயே ஒதுங்கிவிட்டுப் போவது நல்லது. பெரிய பை, தள்ளுவண்டி வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் வீட்டில் ஒருவரோடு விட்டுவாருங்கள், மிகச் சிறு பிள்ளைகளை அனுமதிப்பதில்லை.

மின்தூக்கி இல்லை என்று பதில் வந்தால் அவர் முழு வீட்டையும் ஏற வேண்டியதில்லை. கீழ்த்தளமும் ஸ்டூப் தளமும் பார்த்துவிட்டு, படியின் அடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். கூரைக் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் எல்லா மாடியையும் கடந்து அவர் முகத்தில் விழும். அப்போது காலை பதினொரு மணியாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.